தீர்த்தகிரி வழியனுப்பிய கட்லா

பங்குனி பிறந்த அன்று செம்பறை ஏரியில் விழும் முதல் வலையின் முதல் மீனை இரண்டு கையாலும் ஏந்தி, அதன் முகத்தை ஆழத்துப் பக்கம் திருப்பி, "போ" என்று ஒரே ஒரு சொல் சொல்லி விட்டுவிட வேண்டும். அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு இருமல் வரக்கூடாது, பின்னால் ஒரு பெருமூச்சு வரக்கூடாது, விட்டவர் திரும்பிப் பார்க்காமல் கரையேறிவிட வேண்டும் என்பது அந்த ஏரியில் பரிசல் போட்டு மீன் பிடிக்கிற அறுபது குடும்பங்களின் வழக்கம். மற்ற நாட்களில் செம்பறைமேட்டில் யாரும் யாரையும் வெறும் "போ" என்று வழியனுப்புவதில்லை. சந்தைக்குக் கிளம்புகிறவளுக்கும் "போயிட்டு வா"தான், பக்கத்து வீட்டில் உப்பு கேட்கப் போகிற பிள்ளைக்கும் "போயிட்டு வா"தான், ஊசி போட்டு ஊரையே அழவைத்துவிட்டுப் போகிற நர்சம்மாவுக்கும் "போயிட்டு வாங்க"தான். முதல் மீனுக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் பதில் தெரியாது, கேட்ட ஆளைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அந்தக் காரணம் என்னவென்று ஊருக்குத் தெரியவந்தது பெருமாயியின் புருஷனால்.

பெருமாயிக்கு நாற்பத்து மூன்று வயது. அவர்கள் பரிசலில் துடுப்பு அவளுடையது, வலை அவள் புருஷன் தீர்த்தகிரியுடையது. எல்லாக் குடும்பத்திலும் அப்படித்தான், பெண் வலிப்பாள், ஆண் வலை விடுவான். ஆனால் வலையை எங்கே விடுவது என்று பெருமாயி வீட்டில் துடுப்புதான் முடிவு செய்யும். தண்ணீரைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். மாசி வரைக்கும் மீன் ஆழத்தில் சோம்பிக் கிடக்கும், இரை மூக்கில் இடித்தாலும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கும். பங்குனியில் வெயில் கொஞ்சம் முறுக ஆரம்பித்ததும் கிழக்குக் கரையோரத்து ஆழமில்லாத தண்ணீர் முதலில் வெதுவெதுப்பாகும், கல்லில் பாசி துளிர்க்கும், பூச்சிபுழு மேலே வரும், அதைத் தேடிக் கெண்டையும் கட்லாவும் ரோகும் கூட்டம் கூட்டமாகக் கரை மேய வரும். ஆனால் அப்போது தண்ணீர் தெளிந்து கிடப்பதால் மீனுக்கு வலை தெரிந்துவிடும். அதனால் கிழக்கு வெளுக்கிற நேரத்தில், தெற்குக் காற்று எழுந்து தண்ணீரின் மேல் சின்னச் சின்னச் சுருக்கம் விழும்போது, மூன்று விரல் நுழைகிற கண் உள்ள வலையை அரை வட்டமாக விட்டு, துடுப்பால் பரிசல் விளிம்பைத் தட்டித் தட்டி மீனை வலைப் பக்கம் விரட்ட வேண்டும். தூண்டில்காரர்கள் ராகிக் களியில் கடலைப் புண்ணாக்கைப் பிசைந்து உருட்டி, உதிர்ந்த மயிலிறகின் காம்பைத் தக்கையாகக் கட்டி, தங்கள் நிழல் தண்ணீரில் விழாதபடி சூரியனைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். குஞ்சு காக்கிற விராலை மட்டும் யாரும் தொடமாட்டார்கள்.

இதெல்லாம் நாற்பது நாள்தான். சித்திரை பாதியானால் தண்ணீர் வற்றிச் சூடேறிவிடும், மீன் மறுபடியும் ஆழத்துக்குப் போய்விடும். அந்த நாற்பது நாள் மீன்தான் அறுபது வீட்டிலும் வருஷத்துக்குச் சோறு. ஒருமுறை ஏரி காய்ந்து அந்த நாற்பது நாளும் பொய்த்தபோது ஊரே லாரி ஏறிச் செங்கல் சூளைக்குப் போனது. பெருமாயி மூன்று வருஷம் அங்கே கல் சுமந்தாள். முழங்கைக்குக் கீழே ஒரு வெந்த தழும்போடு திரும்பி வந்தவள், ஏரித் தண்ணீரில் கழுத்தளவு இறங்கி நின்றுகொண்டு, செத்தாலும் இனி இந்தத் தண்ணியை விட்டுப் போகமாட்டேன் என்று சொன்னாள். சொன்னதை அவள் மறக்கவில்லை.

காரணம் தெரியவந்த அந்த வருஷம், முதல் மீனை விடுவது யார் என்று மீனவர் சங்கத்தில் சீட்டுப் போட்டபோது தீர்த்தகிரியின் பெயர் வந்தது. பெருமாயி உடனே எழுந்து சங்கத் தலைவர் நாட்ராயனிடம், வேறு சீட்டு எடுங்கள், இந்த ஆளுக்கு அந்தச் சொல் வாயில் வராது என்றாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. தீர்த்தகிரி காய்ச்சல் விட்டால் காய்ச்சலுக்குக்கூட மரியாதையாகப் பேசுகிற ஆள். வாசலில் வந்து மேய்கிற ஆட்டை, "வேற எடத்துல பாரும்மா, பொறவு வா" என்று அனுப்புவான். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் பெருமாயி அவனை ஒரு நாளைக்கு நாற்பது தடவை "அட போய்யா" என்றிருப்பாள், அவன் ஒருதடவைகூட அவளைப் போ என்றதில்லை. நாட்ராயனோ சீட்டு சீட்டுதான், ஒற்றை எழுத்தைச் சொல்ல ஒரு ஆளுக்கு என்ன கஷ்டம் என்று முடித்துவிட்டார்.

பங்குனி ஒன்றாம் தேதி விடியலில் முதல் வலையில் முதலாவதாக வந்தது முழங்கை நீளக் கட்லா. தாலுகா ஆபீஸ் அதிகாரி மாதிரி பெரிய தலை, வாலின் கீழ்ப்பக்கம் ஒரு சின்னக் கிழிசல். தீர்த்தகிரி அதை ஏந்தினான். அது அவனைப் பார்த்தது. அறுபது பரிசலும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, அவன் மீனின் முகத்தை ஆழத்துப் பக்கம் திருப்பி, வீட்டிலிருந்து யாரையோ பஸ் ஏற்றிவிடுகிற குரலில், "போயிட்டு வா சாமி" என்றான்.

பெருமாயி துடுப்பைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். மீன் போய்விட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அது வந்தது. ஏரிக்கரையிலிருந்து இறங்கி, தரைக்கு ஒரு முழ உயரத்தில், தண்ணீரில் எப்படி நீந்துமோ அப்படியே காற்றில் வாலை அசைத்துக்கொண்டு, ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட, மாரியம்மன் கோயில் திருப்பத்தில் கொஞ்சம் நிதானித்து, தீர்த்தகிரி வீடு எது என்று யாரையும் கேட்காமல் நேராக வாசலில் வந்து நின்றது. பெருமாயி சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே திரும்பி, "ஏய்யா, வரச்சொன்னியே, வந்திருக்குது பாரு" என்று குரல் கொடுத்தாள். தீர்த்தகிரி அவிழ்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டே ஓடிவந்து, வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் கொடுப்பதைக் கொடுத்தான், அதாவது ஒரு சொம்புத் தண்ணீர். கட்லா சொம்புக்குள் மூக்கை விட்டுக் குடித்தது. தின்பண்டமாகக் கொஞ்சம் களி உருண்டையும் வைத்தான், அதை நாகரிகமாக ஒரு ஓரம் மட்டும் கடித்தது. ஒரு மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பியபோது, அவன் தெருமுனை வரைக்கும் கூடவே நடந்துபோய், "போயிட்டு வா" என்று சொல்லி அனுப்பிவைத்தான். பெருமாயி அங்கிருந்தே தலையில் அடித்துக்கொண்டது அவனுக்குத் தெரியவில்லை.

சொன்ன பேச்சைத் தட்டாத மீன் அது. அடுத்த நாளும் வந்தது, பெண்டாட்டியோடு. அதற்கடுத்த நாள் சம்பந்தி வீட்டாரோடு. வந்தவர்களைத் தீர்த்தகிரி தனியாகச் சமாளிக்க முடியாததால் பக்கத்து வீடுகளில் நாலு நாலாகப் பிரித்து உட்காரவைத்தார்கள், அந்த வீட்டுக்காரர்களும் தண்ணீர் கொடுத்துவிட்டு, வாய்ப்பழக்கத்தில், போயிட்டு வாங்க என்றார்கள். பத்து நாளில் ஏரி மொத்தமும் காலையில் ஊருக்குள் இருந்தது. ரோகு எல்லாம் மேலத்தெருவுக்குப் பழகிக்கொண்டன. கெண்டைப்பொடிகள் பள்ளிக்கூடத்து ஜன்னல்களில் வரிசையாக மிதந்தபடி வாய்ப்பாடு கேட்டன. லீலாவதியின் டீக்கடையில் ஒரு கிழட்டுக் கெளுத்தி தினமும் அதே பெஞ்சுக்கு வந்து, யாராவது பேப்பரைச் சத்தமாகப் படித்தால் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டது. விரால் ஒன்று சிவப்புக் குஞ்சுகள் புடைசூழத் தெருவில் வரும்போது பஸ் டிரைவர் ஹாரன் அடிக்க மனசில்லாமல் கடைசிக் குஞ்சு தாண்டும்வரை வண்டியை நிறுத்திவைத்தார். பூனைகள் இரண்டு நாள் முறைத்துப் பார்த்தன, மூன்றாம் நாள் ஊரோடு கோபித்துக்கொண்டு பக்கத்து ஊருக்குக் குடிபோய்விட்டன.

முணுமுணுப்பும் இல்லாமல் இல்லை. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும், அதில் பாதியை விருந்தாளிகளுக்கு வைத்தால் துணி துவைப்பது எப்படி என்று பெண்கள் கேட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வெறும் கெண்டைதான் வருகிறது, அவள் வீட்டுக்கு மட்டும் கட்லாவாக வருகிறது என்று இரண்டு ஓரகத்திகள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மீன்வளத்துறை ஆபீசிலிருந்து நிலவரம் கேட்டுக் கடிதம் வந்தபோது நாட்ராயன் நெடுநேரம் யோசித்து, ஏரியில் மீன் வளம் மிக நன்றாக உள்ளது, தினமும் நேரில் பார்த்து வருகிறோம் என்று எழுதிப்போட்டார்.

பிடிக்கத்தான் முடியவில்லை. பெருமாயி விடவில்லை, பத்தாம் நாளும் பதினொன்றாம் நாளும் பரிசலைத் தள்ளிக்கொண்டு போனாள். தண்ணீர் அவள் வயசுக்குப் பார்த்திராத பக்குவத்தில் இருந்தது, காற்று தெற்கிலிருந்து அளவாக வந்தது, இன்னும் ஊருக்குக் கிளம்பியிராத மீன்கள் வலையில் நிறையவே விழுந்தன. ஆனால் வலையைத் தூக்கினால் அவை துள்ளவில்லை. பஸ் மாறி ஏறிவிட்ட உறவுக்காரர்கள் மாதிரி, இவள் இறக்கிவிட்டுவிடுவாள் என்ற நம்பிக்கையில் அவளையே பார்த்தன. இது லீலாவதி கடைக்கு வருவது, இது வாத்தியார் வீட்டுக்கு வருவது, இதன் பிள்ளைக்கு நேற்றுத்தான் நான் களி வைத்தேன் என்று அவளுக்கு ஒவ்வொன்றாக அடையாளம் தெரிந்தது. தண்ணீர் கொடுத்த கையால் எப்படி அரிவாள்மனையில் வைப்பது. அவள் திட்டிக்கொண்டே வலையை உதறினாள். மற்ற ஐம்பத்தொன்பது பரிசலிலும் அதே கதைதான். ஐஸ் வேன் ஓட்டும் சுபான் பாய் தினமும் பெட்டி நிறைய ஐஸோடு வந்து, தினமும் பெட்டி நிறையத் தண்ணீரோடு திரும்பிப் போனார்.

இருபதாம் நாள் சூளை மேஸ்திரி வந்தார். யாரும் கூப்பிடவில்லை, பசி வரப்போகிற ஊர் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை லாரி வரும், பெயர் கொடுக்கிறவர்கள் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு டீ குடித்தார். அன்று சாயங்காலமே பதினெட்டுக் குடும்பம் பெயர் கொடுத்தது. பெருமாயிக்கு அதைக் கேட்டதும் முழங்கைத் தழும்பு எரிய ஆரம்பித்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. சூளைப் புகையின் வாசனை இங்கேயே வருகிற மாதிரி இருந்தது.

சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். மீன்களும் கூரைக்குக் கீழே வரிசையாக மிதந்து கேட்டுக்கொண்டிருந்ததால் யாரும் அவற்றைப் புண்படுத்துகிற மாதிரி பேசவில்லை. நாட்ராயன் தொண்டையைச் செருமிக்கொண்டு தலைவர் என்ற முறையில் மீன்களைப் பார்த்து "போங்க" என்றார். அவை பின்னால் யாரோ நிற்கிறார்கள் போல என்று திரும்பிப் பார்த்தன. பூசாரி சொன்னார், வாத்தியார் சொன்னார், சுபான் பாய்கூடக் கும்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். வரச்சொன்ன ஆள் அனுப்பினால்தானே விருந்தாளி போவான், கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற யார் யாரோ சொன்னால் எப்படிப் போவான். கடைசியில் பெருமாயி பொறுமை இழந்து எழுந்து, வாய் நிறைய, "போங்கறன் இல்ல, போ" என்று ஒரு அதட்டுப் போட்டாள். அதுதான் தப்பாகிவிட்டது. இருபது நாளாக அவள் வீட்டிலேயே பழகிய மீன்கள் அவை. அவள் போ என்றால் தீர்த்தகிரி இன்னும் ஒரு அடி கிட்டே வந்து உட்காருவான் என்பதைத் தினமும் பார்த்தவை. ஆகவே அவளுடைய "போ"வுக்கு அதுதான் அர்த்தம் என்று எடுத்துக்கொண்டு, கூட்டமாக வந்து அவள் தோளிலும் மடியிலும் சாய்ந்தன. கூட்டம் சிரித்தது. பெருமாயியும் சிரித்துவிட்டாள், சிரித்த கையோடு அழுகையும் வந்தது.

வேறு வழியில்லை, தீர்த்தகிரிதான் சொல்ல வேண்டும் என்று முடிவானது. அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை பெருமாயியிடம் விழுந்தது. முதலில் காக்காயிடம் சொல்லிப் பழகட்டும் என்று கூரைமேல் சோறு வைத்தாள். அவன் காக்காயைப் பார்த்து, "சாப்ட்டுட்டு மெதுவா கெளம்பு" என்றான். எறும்புச் சாரியைக் காட்டினாள், அதற்கும் ஒரு நல்ல வார்த்தை சொன்னான். பலகையில் எழுதிக் காட்டு பார்ப்போம் என்று சாக்பீஸைக் கையில் கொடுத்தாள். இரட்டைக் கொம்பைத் தாண்டிக் கை நகராமல் அவன் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

"அந்த ஒரு எழுத்துல என்னய்யா இருக்குது உனக்கு?" என்று பெருமாயி கேட்டாள். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தாள், குரல் தணிந்து வந்தது.

தீர்த்தகிரி பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "போறவங்களுக்குப் பின்னால ஒரு ஊடு இருக்கோணும் புள்ள. வான்னு சொல்லாம அனுப்புனா, நமக்குன்னு ஆரும் காத்திருக்கல போலன்னு நெனச்சுக்கிட்டே போவாங்க. ஒரு மீனா இருந்தாலும் அப்படி நெனச்சுக்கிட்டுப் போறத என்னால பாக்க முடியாது."

பெருமாயிக்கு இருபத்திரண்டு வருஷம் கழித்துத் தன் புருஷன் மேல் புதுசாக ஒரு பிரியம் வந்தது, வந்த வேகத்தில் அதை அடக்கிக்கொண்டாள். "வெள்ளிக்கெழம லாரி வருதுய்யா. நான் அந்தச் சூளைக்குப் போனா உசுரோட திரும்ப மாட்டன். அப்ப நீ ஆருக்கு வான்னு சொல்லுவ?" என்றாள்.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு அவள் முழங்கையைப் பார்த்தான். நாளைக்கே சொல்லிவிடுகிறேன் என்று மெதுவாகச் சொன்னான்.

வியாழக்கிழமை காலை வெயில் ஏறுவதற்கு முன்பே ஊர் மொத்தமும் கிழக்குக் கரையில் நின்றது. ஊருக்குள் வந்திருந்த மீன்களையெல்லாம் அந்தந்த வீட்டுக்காரர்களே தெருத்தெருவாக நடந்து கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். கெளுத்தியைக் கொண்டுவந்த லீலாவதி அன்றைய பேப்பரையும் கூடவே எடுத்து வந்து, ராசிபலன் வரைக்கும் படித்துக்காட்டிவிட்டுத் தண்ணீரில் விட்டாள். முழங்கால் ஆழத்தில் தலைதலையாக மீன்கள், முன்னால் அந்தப் பெரிய தலைக் கட்லா. தீர்த்தகிரி வெளுத்த சட்டை போட்டு, தலை வாரி, தண்ணீருக்குள் இறங்கி நின்றான். பெருமாயி பக்கத்திலேயே நின்றாள். தெற்குக் காற்று எழுந்தது, தண்ணீரில் சுருக்கம் விழுந்தது, வலை விடுவதற்கு அப்படி ஒரு நல்ல வேளை, ஆனால் ஏரியில் யாரும் வலை விடவில்லை.

"போ" என்றான் தீர்த்தகிரி.

சத்தம் வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது. கட்லா காத்திருந்தது. அவன் இன்னொருமுறை வாயைத் திறந்தான், இந்தமுறை அந்தச் சொல் மறுகரை வரைக்கும் கேட்டது, அதற்குள் அவன் கன்னத்தில் கண்ணீர் இறங்கிவிட்டது. கட்லா அவனை ஒரு கணம் பார்த்தது. கோபமில்லை, புரிந்துகொண்ட பார்வை என்றுதான் பெருமாயிக்குத் தோன்றியது. அது மெதுவாகத் திரும்பியது. அதன் பின்னால் ஏரி முழுக்கத் திரும்பியது, ஆயிரக்கணக்கான வால்கள் ஒரே பக்கம் அசைய, தண்ணீர் கரையை விட்டு ஒரு சாண் பின்வாங்கிப் போனது.

அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டு நின்ற தீர்த்தகிரிக்கு மனசு தாங்கவில்லை. நாற்பத்தெட்டு வருஷப் பழக்கம் அவன் தொண்டைக்குள்ளிருந்து தானாக வழுக்கிக்கொண்டு வந்தது.

"...யிட்டு" என்றான்.

மீன்கள் நின்றுவிட்டன. எல்லா வாலும் பாதி அசைவில் நின்றன, மிச்சம் என்ன என்று கேட்கக் காத்திருந்தன. கரையில் நாட்ராயன் கண்ணை மூடிக்கொண்டார். பெருமாயி ஒரே எட்டில் பாய்ந்து தன் வலது உள்ளங்கையால் புருஷன் வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளே அவன் மேல்பல் கீழுதட்டைத் தொடுவதும், உதடு பிரிவதும், சூடாக ஒரு மூச்சு வெளியே வருவதும் அவளுக்குத் தெரிந்தது. கூடவே சின்னதாக, ஈரமாக, பிடித்த மீன்குஞ்சு துடிப்பது போல ஏதோ ஒன்று உள்ளங்கையில் வந்து விழுந்து குறுகுறுத்தது. அது என்ன சொல் என்று அவளுக்குத் தெரியும். அவள் சட்டென்று விரல்களை மடக்கி இறுக்கிக்கொண்டாள்.

மீன்கள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தன. ஒன்றும் வராததால், பேச்சு அவ்வளவுதான் போலிருக்கிறது என்று ஆழத்துக்குப் போய்விட்டன.

அன்று காலையே பரிசல்கள் இறங்கின. வலையில் விழுந்த மீன்கள் துள்ளின, முறைத்தன, வாலால் அடித்தன, ஒன்றுக்கும் ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. பெருமாயியும் எந்த முகத்தையும் உற்றுப் பார்க்கவில்லை. வலது கையை மூடியபடியே இடது கையால் துடுப்பு வலித்தாள், பரிசல் கோணல்மாணலாகப் போனாலும் இடம் சரியாகத்தான் இருந்தது. தீர்த்தகிரி வலையை விட்டான், ஆழத்துப் பக்கம் பார்த்துக்கொண்டே இழுத்தான். சுபான் பாயின் பெட்டியில் ஐஸுக்கு மேல் மீன் ஏறியது. மறுநாள் வருவதாக இருந்த லாரிக்கு அன்றைக்கே ஆள் அனுப்பி, வரவேண்டாம் என்று நாட்ராயன் சொல்லிவிட்டார். பெயர் கொடுத்த பதினெட்டுக் குடும்பமும் சந்தோஷத்தில் வலையைப் பின்னிக்கொண்டே ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

கையில் என்ன, முள் குத்திவிட்டதா என்று கேட்டவர்களிடம் பெருமாயி ஆமாம் என்றாள். தண்ணீர்ப் பக்கம் இருக்கும்போது திறக்கவே கூடாது, ஒரு மீன் காதில் விழுந்தாலும் போச்சு என்று நாள் முழுக்க விரல் மரத்துப்போகும்வரை பிடித்திருந்தாள். உதறிவிடலாம் என்று ஒருமுறை நினைத்தாள், எங்கே உதறுவது என்று தெரியவில்லை. ஒரு நல்ல சொல்லைக் குப்பையில் போடவும் மனசு வரவில்லை. உள்ளே அது விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டே இருந்தது. ஒற்றைக் கையால் மீன் அறுக்க முடியாது என்பதால் லீலாவதி வந்து அறுத்துக் கழுவிக் கொடுத்தாள், இடது கையால் புளி கரைத்து, இடது கையால் மிளகாய்த்தூள் போட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் பெருமாயி குழம்பை இறக்கிவைத்தாள்.

தீர்த்தகிரி கொல்லைப்புறப் படியில் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பெருமாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாக அவள் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டது எப்படியென்றால், தட்டை நங்கென்று தரையில் வைப்பாள், அந்தச் சத்தத்துக்கு அவன் வந்துவிடுவான், வாயைத் திறந்து ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஊரில் வந்தவர் போனவருக்கெல்லாம் வாவென்று சொல்லி அனுப்பிய இந்த மனுஷனுக்கு இதுவரை யார் வாவென்று சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்தாள். ஒருத்தரும் அவள் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஏரிப் பக்கத்துக் கதவை அரைவாசி சாத்தினாள். அவனுக்குப் பின்னால் போய் நின்று, குனிந்து, மூடிய கையை அவன் காதோரம் வைத்து, மரத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

"வா."

அவனுடைய குரல்தான், காலையில் மீனுக்காகப் புறப்பட்டது. ஒரு பகல் முழுக்க அவள் கைக்குள் இருந்ததில் கொஞ்சம் சூடேறி, கொஞ்சம் மஞ்சள் வாசனை பிடித்திருந்தது. தீர்த்தகிரி திரும்பி அவளையும் வெறும் கையையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு எழுந்து அவள் பின்னாலேயே உள்ளே வந்தான்.

தட்டின் முன்னால் உட்கார்ந்தவன் குழம்பைப் பார்த்துவிட்டுச் சோற்றில் கை வைக்காமல் இருந்தான்.

"எந்த மீனு புள்ள?" என்று கேட்டான்.

"நமக்குத் தெரியாத மீன்தான்யா. சாப்புடு" என்றாள் பெருமாயி.

அவன் பிசைந்து முதல் உருண்டையை வாயில் வைத்தான். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது, இடது கை போட்ட உப்பு. அவன் அதைச் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.